பிரான்சுவாஸ் ஆர்டியின் பாட்டுகளை எழுதியது யார்?

கேள்வி இது: "பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஆர்டியின் பாட்டுத் தொகுப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. அவர் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுபவர் என்று சொல்கிறார்கள். ஆனால் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு பெயர்கள். இவர்களெல்லாம் யார்? ஆர்டி உண்மையில் எழுதியது எவ்வளவு? எதில் தொடங்கிக் கேட்கலாம்?"

முதலில் சுருக்கமான பதில். ஆரம்ப வருடங்களில் சொல்லும் மெட்டும் பெரும்பாலும் ஆர்டியுடையவை. 1970-களிலிருந்து சொல் அவருடையது, மெட்டு இன்னொருவருடையது என்பதுதான் அதிகம். அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்த சில பாட்டுகளில் இரண்டுமே பிறருடையவை. இருந்தாலும் 1962-ல் வந்த முதல் இசைத்தட்டிலிருந்து 2018-ல் வந்த கடைசி ஆல்பம் வரை எதை எடுத்துக் கேட்டாலும், இது ஆர்டியின் பாட்டு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குரலை மட்டும் காரணம் சொன்னால் போதாது. தனக்கு எந்த மெட்டு பொருந்தும், எது பொருந்தாது என்பதில் அவருக்கு இருந்த பிடிவாதம்தான் முக்கியமான காரணம் என்பது என் எண்ணம். அந்தப் பிடிவாதத்துக்கு ஈடுகொடுத்தவர்களோடு சேர்ந்தபோதெல்லாம் நல்ல பாட்டு பிறந்தது. மற்ற நேரங்களில் சுமாரான பாட்டு பிறந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தப் பெயர்ப் பட்டியல் குழப்பாது.

ஆர்டி 1944 ஜனவரி 17 அன்று, ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் பிறந்தார். கணக்கு எழுதும் வேலையில் இருந்த அம்மா, அவரையும் தங்கையையும் தனியாக வளர்த்தார். அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்தது. எப்போதாவது வந்து போவார். கூச்ச சுபாவமுள்ள அந்தப் பெண்ணுக்குத் துணை, லக்சம்பர்க் வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு. எவர்லி சகோதரர்கள், எல்விஸ், கிளிஃப் ரிச்சர்ட் என்று இரவெல்லாம் கேட்பார். பள்ளி இறுதித் தேர்வில் தேறியதற்குப் பரிசாக ஒரு கிடார் கிடைத்தது. நாலைந்து சுரக்கூட்டுகளை (கார்ட்) கற்றுக்கொண்டதும் சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். 1961 நவம்பரில் வோக் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போது வயது 17.

அந்தக் காலத்தில் பிரான்ஸில் இளைஞர்களின் இசை என்றால் பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டுகளுக்குப் பிரெஞ்சு வார்த்தை போட்டுப் பாடுவதுதான். பாடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர், எதைப் பாடுவது என்று தீர்மானிப்பவர் மூன்றாமவர். அந்த ஏற்பாட்டுக்குள் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தான் எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளோடு வந்து நின்றது சாதாரண விஷயமல்ல. முதல் தட்டில் நிறுவனம் நம்பி முன்னே தள்ளியது வேறொருவர் எழுதிய 'ஓ ஓ ஷெரி' என்ற பாட்டை. மக்கள் பிடித்துக்கொண்டதோ ஆர்டி எழுதிய 'தூ லெ கார்சோன் எ லெ ஃபீய்' பாட்டை. என் வயதுப் பையன்களும் பெண்களும் ஜோடி ஜோடியாகத் தெருவில் போகிறார்கள், நான் மட்டும் தனியாகப் போகிறேன் என்பதுதான் அதன் விஷயம். 1962 அக்டோபர் 28 இரவு, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா என்ற பொதுவாக்கெடுப்பின் முடிவுகளுக்காக நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. இடைவேளையில் ஆர்டி வந்து பாடினார். அதன்பிறகு கடைகளில் தட்டு நிற்கவில்லை.

இங்கே அட்டையில் முதல் பெயர் வருகிறது: ரோஜர் சமின். இந்தப் பாட்டின் இசையில் ஆர்டியோடு சேர்த்து அவர் பெயரும் இருக்கும். ஆரம்பத் தட்டுகளுக்கு வாத்திய இசையை அமைத்துக் கொடுத்தவர் அவர். ஆர்டிக்கு அந்தப் பதிவுகள் கடைசிவரை பிடிக்கவே இல்லை. சில மணி நேரத்தில் அவசர அவசரமாக முடித்த வேலை, வாத்தியங்கள் மந்தமாக ஒலிக்கின்றன என்று பல பேட்டிகளில் குறைப்பட்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அந்த எளிமையே பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் லட்சக்கணக்கில் விற்ற தன் தட்டைப் பார்த்து, இது நான் நினைத்த ஒலி இல்லை என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய கூட்டணிகள் அத்தனையும் அந்த அதிருப்தியிலிருந்து கிளம்பியவைதான்.

அதே தொகுப்பில் 'லெ தாம் த லாமூர்' இருந்தால் அதன் மெட்டு ஜாக் துத்ரோனுடையது. அவர் அப்போது ஒரு இசைக்குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். வார்த்தை இல்லாத வாத்திய இசையாக அவர் போட்டதற்குப் பிறகு வேறு சிலர் வார்த்தை சேர்க்க, ஆர்டி பாடினார். 2012-ல் வந்த 'மூன்ரைஸ் கிங்டம்' படத்தில் கடற்கரையில் ஒரு சிறுவனும் சிறுமியும் ஆடும் காட்சியில் ஒலிப்பது இதுதான். இன்றைய தலைமுறையில் பலர் ஆர்டியிடம் வந்து சேர்ந்தது அந்த வழியில். துத்ரோன் பின்னால் தானே பெரிய பாடகராகி, ஆர்டியின் வாழ்க்கைத் துணையுமானார். அவரிடம் திரும்பி வருகிறேன்.

வோக் நிறுவனத்தோடு மல்லுக்கட்டி, 1964-லிருந்து லண்டன் பை ஸ்டுடியோவில் பதிவுசெய்யும் வாய்ப்பை ஆர்டி வாங்கிக்கொண்டார். அங்கே அவருக்குக் கிடைத்தவர் சார்ல்ஸ் பிளாக்வெல் என்ற அரேஞ்சர், அதாவது வாத்திய இசையை அமைப்பவர். அவர் வந்ததும் பாட்டுக்கு ஆழம் வந்தது. கோரஸ் குரல்கள், வயலின் கூட்டம், எதிரொலி எல்லாம் சேர்ந்தன. ஆனால் எதுவும் ஆர்டியின் சின்னக் குரலை மூழ்கடிக்கவில்லை. 'தான் லெ மோந்த் அந்தியே' பாட்டின் ஆங்கில வடிவம் 1965-ல் பிரிட்டனில் ஓடியது. அந்த நாட்களில் 'மோனமி லா ரோஸ்' என்ற பாட்டையும் பதிவுசெய்தார். அது செசில் கோலியே எழுதியது, ஆர்டியுடையதல்ல. காலையில் மலர்ந்து இரவில் உதிரும் ரோஜா பேசுகிற பாட்டு. இருபது வயதுப் பாடகிக்குச் சாவைப் பற்றிய பாட்டு எதற்கு என்று யாரும் தயங்கியிருப்பார்கள். ஆர்டி அதைத் தேடி எடுத்துப் பாடினார். தன் கையால் எழுதாத பாட்டையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் தேர்வு இங்கேயே தொடங்கிவிட்டது. 1967, 68 வாக்கில் அவருக்கு அரேஞ்ச் செய்தவர்களில் ஜான் பால் ஜோன்ஸும் உண்டு. அவர் அப்போது லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். 1968-லேயே லெட் செப்பலின் என்ற ராக் குழுவில் சேர்ந்துவிட்டார்.

1968-ல் இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன. ஒன்று, ஆர்டி மேடைக் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். மேடை என்றால் அவருக்குப் பயம், ஊர் ஊராகப் போவதும் பிடிக்கவில்லை. அதன்பின் ஐம்பது வருடம் அவருடைய வேலை முழுவதும் ஸ்டுடியோவுக்குள்தான். ஒரு பாட்டை ஊர் ஊராகப் பாடி மெருகேற்றும் வழி அவருக்கு இல்லை. பதிவாகும் நாளில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அவர் விஷயத்தில் கூட்டாளிகளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருப்பது அதனால்தான்.

இன்னொன்று, 'கொமான் த தீர் அதியூ'. இதன் மெட்டு ஓர் அமெரிக்கப் பாட்டிலிருந்து வந்தது; ஆர்னல்ட் கோலண்டும் ஜேக்கப் கோல்டும் எழுதியது. வாத்திய வடிவத்தில் அதைக் கேட்ட ஆர்டிக்கு மெட்டு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு வார்த்தைக்குப் பாடலாசிரியர் செர்ஜ் கெய்ன்ஸ்பூரிடம் போனார்கள். அவர் செய்த காரியம் அபாரம். பாட்டு நெடுக வரிமுடிவில் 'எக்ஸ்' என்ற ஒலி திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டார். அதற்காக வார்த்தையை நடுவில் வெட்டி, பாதியை இந்த வரியிலும் மீதியை அடுத்த வரியிலும் வைத்தார். பைரெக்ஸ் கண்ணாடி, க்ளீனெக்ஸ் காகிதக் கைக்குட்டை எல்லாம் காதல் பாட்டுக்குள் வந்துவிட்டன. இயைபுத் தொடையைச் சந்தத்துக்காக இவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று தெரிந்தவர்கள் ரசித்துக் கேட்பார்கள். ஆர்டி அதை அலட்டலே இல்லாமல், வேகமாக, உணர்ச்சியை வெளியே காட்டாமல் பாடியிருக்கிறார். அழுது பாடியிருந்தால் அந்த விளையாட்டு எடுபட்டிருக்காது.

அதே வருட ஆல்பத்தில் 'எத்தொனே மூவா பெனுவா' என்றொரு பாட்டு இருக்கும். அதன் வார்த்தைகள் பத்ரிக் மொதியானோ எழுதியவை. ஆமாம், 2014-ல் இலக்கிய நோபல் வாங்கிய அதே மொதியானோ. முதல் நாவல் வெளியான வருடமும் அதுதான். பள்ளித் தோழர் யூக் த கூர்சோனோடு சேர்ந்து பாட்டெழுதிக்கொண்டிருந்தார். பாட்டு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். ஆனால் ஆர்டியின் காது எங்கெல்லாம் போய்த் தேடியது என்பதற்கு நல்ல அத்தாட்சி.

சரி, இப்போது என்னை நிறுத்தி வைக்கும் ஆல்பத்துக்கு வருகிறேன். 1971-ல் வெறுமனே அவர் பெயரோடு வெளியாகி, பிறகு 'லா கெஸ்தியோன்' என்ற பாட்டின் பெயராலேயே அழைக்கப்படும் ஆல்பம். ஆர்டி ஒரேயொரு தட்டு போட்டிருந்தாலும் இது ஒன்றே போதும் என்று நினைப்பவன் நான்.

இதில் கூட்டாளி தூக்கா. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பிறந்தவர், ஆர்டியின் வயதுதான். சொந்த ஊரில் 1960-களின் பாட்டு விழாக்களில் பெயர் வாங்கியவர். பிறகு பாரிஸுக்கு வந்து அங்கிருந்த பிரேசில் உணவகம் ஒன்றில் கிடார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். தோழி ஒருத்தி சொல்லி ஆர்டி அங்கே போய்க் கேட்டார். பிடித்துப் போயிற்று. அப்போது ஆர்டி வோக் நிறுவனத்தை விட்டு வெளியேறி, தன் பதிவுகளைத் தானே தயாரிக்கும் நிலையில் இருந்தார். மேலிருந்து அவசரப்படுத்த ஆள் இல்லை. அதனால் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய முடிந்தது: பதிவுக்கு முன் இருவரும் நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டையும் கிடாரும் குரலுமாகத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகினார்கள். பாட்டு முழுக்க உடம்பில் ஊறிய பிறகுதான் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். அங்கே தூக்காவின் கிடார், கி பெதெர்சனின் டபுள் பாஸ், ஆர்டியின் குரல் மூன்றும் சேர்ந்து பதிவாகின. வயலின் கூட்டம் பிறகு சேர்க்கப்பட்டது. அதை எழுதியவர் ரேமோன் தோனே.

அந்த ஒழுங்கின் பலனைக் காதால் கேட்கலாம். ஆரம்பகாலத் தட்டுகளில் வாத்தியங்கள் ஒரு பாதையைப் போட்டுவிடும், ஆர்டி அதன்மேல் நடந்து போவார். இங்கே தலைகீழ். 'லா கெஸ்தியோன்' பாட்டைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். கிடார் தாளத்தை அடித்துச் சொல்வதே இல்லை. குரல் ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்கினால் கிடாரும் நிற்கிறது. குரல் சற்றே முந்தினால் அதுவும் முந்துகிறது. நீ யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, உன் மௌனம் என் மௌனத்தைக் குலைக்கிறது என்று ஆர்டி பாடுகிறார். வார்த்தைகள் அவருடையவை, மெட்டு தூக்காவுடையது. வயலின்கள் நுழையும்போதுகூடப் பாட்டு பெரிதாவதில்லை, இருட்டுதான் கூடுகிறது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது என்று பாடுவது போன்ற குரல். சத்தமாகப் பாட முடியாத பாடகி என்று தன்னைப் பற்றி ஆர்டி எப்போதும் குறைபட்டுக்கொள்வார். அந்தக் குறையை ஈடுகட்டப் பார்க்காமல், அதையே மையமாக வைத்துப் பாட்டுக் கட்டியவர் தூக்கா.

'மேர்' என்ற பாட்டில் கடல் தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்கிறார். அலை மாதிரி வாசித்துக் காட்டும் மலிவான வித்தை எதுவும் இல்லை. ஒரே இடத்தில் மெதுவாகச் சுழலும் மெட்டு போதுமானதாக இருக்கிறது. 'ஷான்சோன் தோ' பாட்டில் வார்த்தையே கிடையாது. உயிரெழுத்துகளை மட்டும் இழுத்து முனகுகிறார், கூடவே கிடார். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பிரபல பிரெஞ்சுப் பாடகி இப்படி ஒன்றைத் தட்டில் சேர்த்தது பெரிய துணிச்சல்.

ஆல்பம் அரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். விற்பனையில் ஆர்டியின் பழைய தட்டுகளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. வானொலிக்காரர்களுக்கு இதை எந்த நேரத்தில் போடுவது என்றே தெரிந்திருக்காது. வருடங்கள் போகப் போக இசைக்காரர்களிடையே ஒருவர் சொல்லி ஒருவராகப் பரவி, இன்று அவருடைய மிகச் சிறந்த வேலை என்று பலரும் சொல்கிறார்கள். ஆர்டியே தான் செய்தவற்றில் மிகப் பிடித்தவற்றுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டிருக்கிறார். தூக்கா அதே 1971-ல் பிரேசில் பாடகி நாரா லெயோன் பாரிஸில் பதிவுசெய்த ஆல்பத்திலும் கிடார் வாசித்தார்; 1974-ல் சொந்தமாக ஒரு விசித்திரமான, அருமையான ஆல்பம் போட்டார்; 1978-ல் 33 வயதில் இறந்துபோனார். ஆர்டியின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த வருடம் ஆங்கிலப் பாட்டுகளின் ஆல்பம் ஒன்றும் வந்தது. அந்தக் காலகட்டத்தில் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் பாட்டுகள் ஆர்டிக்கு மிகவும் பிடித்திருந்தன. அவரும் ஆர்டியின் பதிவு நடக்கும் இடத்துக்கு வந்து ஒரு மூலையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று ஆர்டி நினைவுகூர்ந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு பாட்டுகூடச் செய்யவில்லை. இரண்டு பேருமே கூச்சக்காரர்கள், யார் முதலில் பேசுவது?

1973-ல் 'மெசாஜ் பெர்சொனெல்'. கூட்டாளி மிஷெல் பெர்ஜே. அப்போதுதான் பாடகி வெரோனிக் சான்சோனின் ஆல்பங்களைத் தயாரித்துப் பேர் வாங்கியிருந்த இளைஞர். பிறகு 'ஸ்டார்மானியா' இசை நாடகத்தை உருவாக்கியவர். இந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் யார் எதை எழுதினார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடி உதாரணம். பாடும் பகுதியின் சொல்லும் மெட்டும் பெர்ஜேயுடையவை. அதற்கு முன்னால் பேச்சாக ஒரு பகுதி வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்று அவர் கேட்க, ஆர்டி எழுதினார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிடும் வார்த்தைகள். அந்தப் பேச்சில் அவனை 'நீங்கள்' என்கிறாள். பாட்டு தொடங்கியதும் 'நீ' ஆகிவிடுகிறான். இரண்டு பேர் எழுதிய இடம் சேரும் தையல் அங்கே தெரிகிறது, ஆனால் அதுவே பாட்டின் பலமும் ஆகிவிட்டது. மரியாதையின் தூரத்தில் நின்று தயங்கியவள், பாடத் தொடங்கியதும் அந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறாள். ஆர்டியின் பெயரைக் கேட்டதும் பிரான்ஸில் ஒருவருக்கு நினைவு வரும் இரண்டு மூன்று பாட்டுகளில் இது கட்டாயம் இருக்கும். அதே வருடம் ஜூனில் துத்ரோனுக்கும் அவருக்கும் மகன் தோமா பிறந்தார்.

1977 முதல் 1982 வரையிலான ஆல்பங்களில் கப்ரியேல் யாரெத்தின் பெயரைப் பார்ப்பீர்கள். லெபனானில் பிறந்தவர், பின்னாளில் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜாஸ், ஃபங்க் பக்கம் சாயும் அந்த மினுமினுப்பான இசைக்குள் ஆர்டி விருந்தாளி போலத்தான் நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது. 'ஜெகூத் த லா மியூசிக் சூல்' மாதிரி சில பாட்டுகள் அப்போது நன்றாக ஓடின. முதல்முறை கேட்பவர் இந்தக் காலத்தைத் தாண்டிப் போய், பிறகு ஆர்வம் இருந்தால் திரும்பி வரலாம்.

துத்ரோன் விஷயம். 1967-லிருந்து இருவரும் ஜோடி, 1981-ல் திருமணம், பின்னால் தனித்தனியாக வாழ்ந்தாலும் விவாகரத்து செய்யவில்லை. ஆர்டியின் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் காத்திருப்பு, வராதவரைப் பற்றிய புகார், விட்டுப் போக நினைத்தும் போக முடியாமை எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த உறவு இருக்கிறது. 2008-ல் வந்த தன்வரலாற்று நூலில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1988-ல் இதுதான் கடைசி என்று அறிவித்து வெளியிட்ட ஆல்பத்தில் 'பார்த்தீர் கான் மேம்' என்ற பாட்டு இருக்கிறது. அப்படியிருந்தும் கிளம்பிவிட வேண்டும், முழுக்கச் சிக்கிக்கொள்வதற்கு முன் போய்விட வேண்டும் என்று ஒரு பெண் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. வார்த்தை ஆர்டி, மெட்டு துத்ரோன்! அவரைப் பற்றிய வார்த்தைகளுக்கு அவரே மெட்டுக் கொடுத்திருக்கிறார்.

இந்தக் கட்டத்துக்குள் ஆர்டியின் வேலை முறை நிலைத்துவிட்டது. நம் சினிமாவில் போல மெட்டுக்குத்தான் பாட்டு. யாராவது மெட்டை அனுப்புவார்கள். பிடித்தால் மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அசைகளை எண்ணி எண்ணி, சில சமயம் மாதக்கணக்கில் வார்த்தை தேடுவார். பிடிக்காவிட்டால் அனுப்பியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஜூலியன் க்ளேர் 1990-ல் பாடிய 'ஃபே மூவா யூன் ப்ளாஸ்' ஆர்டி எழுதியதுதான். உன் வாழ்க்கையில் எனக்கு ஒரு இடம் கொடு என்று ஓர் ஆண் கெஞ்சும் பாட்டு. எழுதியது பெண் என்று தெரியாமலே பலர் முணுமுணுக்கிறார்கள்.

'கடைசி' என்று அறிவித்தது கடைசியாகவில்லை. அடுத்த தலைமுறை அவரைத் தேடி வந்தது. 1995-ல் பிரிட்டனின் பிளர் குழு 'டு தி எண்ட்' பாட்டின் பிரெஞ்சு வடிவத்தில் அவரைச் சேர்த்துப் பாட வைத்தது. 1996-ல் 'லெ தாஞ்ஜே' ஆல்பம்: அலென் லுப்ரானோவும் ரொதோல்ஃப் புர்ழேவும் கொடுத்த கனமான மின் கிடார் இசையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஆர்டி. மென்மையான பாடகி என்று மட்டும் அவரை நினைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது. 2000-ல் அமெரிக்க ராக் பாடகர் இக்கி பாப்போடும், 2006-ல் வந்த ஜோடிப் பாட்டுத் தொகுப்பில் நடிகர் அலென் தெலோன், பாடகர்கள் ஆன்ரி சால்வதோர், அலென் பஷுங் போன்றோரோடும் பாடினார். அதில் சில பாட்டுகள் மரியாதைக்குச் செய்தவை போல இருக்கும், தாண்டிப் போகலாம்.

தாண்டக்கூடாதது 2004-ன் 'தான் த பெல் ஷோஸ்'. தனக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு தலைப்புப் பாட்டின் வார்த்தைகளை எழுதினார். நீ இன்னும் அறியாத அழகான விஷயங்கள் எவ்வளவோ உண்டு, நான் தூரம் போனாலும் அன்பு சாவைவிட வலியது என்று, போகிறவர் இருக்கிறவருக்குச் சொல்கிறார். மெட்டு பாஸ்கல் தானியேல், லுப்ரானோ இருவருடையது. மிக எளிய மெட்டு, மூன்று வயதுக் குழந்தையும் பிடித்துக்கொள்ளும். அழ வைக்கும் வாய்ப்பு வரிக்கு வரி இருந்தும் அவர் ஒரு இடத்தில்கூடக் குரலை உடைக்கவில்லை. ஆல்பத்தில் பெஞ்சமின் பியோலே, பெர்ரி பிளேக் போன்ற இளையவர்கள் வேலை செய்தார்கள். மகன் தோமாவின் பங்கும் உண்டு. மறு வருடம் பிரான்ஸின் விக்துவார் த லா மியூசிக் விருதுகளில் அந்த ஆண்டின் பெண் கலைஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2015-ல் உடல்நிலை மோசமாகி நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். இனிப் பாட்டு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு இணையத்தில் தற்செயலாக ஒரு ஃபின்லாந்து ராக் குழுவின் தாலாட்டுப் போன்ற பாட்டைக் கேட்டார். போயட்ஸ் ஆஃப் த ஃபால் என்ற அந்தக் குழுவின் பாட்டுக்குப் பிரெஞ்சில் வார்த்தை எழுதியது, எரிக் பென்சியின் தயாரிப்பில் 2018-ல் வந்த 'பெர்சோன் தோத்ர்' ஆல்பத்துக்கு வழிவிட்டது. எழுபதைத் தாண்டிய வயதில், முன்பின் தெரியாத குழுவின் மெட்டு ஒன்று பிடித்துப்போய்ப் பேனாவை எடுத்தார் என்பது, லக்சம்பர்க் வானொலி கேட்ட அதே ஆள்தான் என்று காட்டுகிறது. அந்த ஆல்பத்தில் லா க்ராந்த் சோஃபி எழுதிக் கொடுத்த 'லெ லார்ஜ்' பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். பிறகு கதிர்வீச்சு சிகிச்சை குரலைப் பறித்துக்கொண்டது. 2024 ஜூன் 11 அன்று, எண்பதாவது வயதில் காலமானார்.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். தொகுப்பு ஆல்பத்தில் தொடங்காதீர்கள். அதில் 1962-ன் பாட்டும் 1988-ன் பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், யார் என்ன செய்தார்கள் என்று காதுக்குப் பிடிபடாது. முதலில் 'தூ லெ கார்சோன்' பாட்டை ஒருமுறை, உடனே 'மோனமி லா ரோஸ்' ஒருமுறை. இரண்டுக்கும் இடையில் லண்டன் என்ன மாற்றியது என்று தெரியும். அப்புறம் 'கொமான் த தீர் அதியூ', வேகத்துக்காகவும் கெய்ன்ஸ்பூருக்காகவும். அதன்பின் 'லா கெஸ்தியோன்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் தூக்காவின் விரல் நரம்பின்மேல் நகரும் உரசல்கூடக் கேட்கும். அது பிடித்துவிட்டால் 'மெசாஜ் பெர்சொனெல்', 'லெ தாஞ்ஜே', 'தான் த பெல் ஷோஸ்' என்று வருடவரிசையில் போகலாம். பிரெஞ்சு தெரியாவிட்டால் வார்த்தைகளின் மொழிபெயர்ப்பை முதல் தடவை படிக்காதீர்கள். இரண்டாம் முறை கேட்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.